கறை தெரியாத துண்டு

வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாய் இருக்கும் பெரியவர்களைப் பார்க்கும் வேலைக்கு நீங்கள் எல்லாம் புதிதாக வந்திருக்கிறீர்கள். போன வாரம் உங்களில் ஒருத்தி என்னிடம், "மேடம், இத்தனை வருஷம் இந்த வேலையில இருந்திருக்கீங்க, பயம் எப்ப போச்சு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு நோட்டை வேறு திறந்து வைத்துக்கொண்டாள், நான் ஏதோ மந்திரம் சொல்லித்தரப் போவது மாதிரி. நோட்டை மூடும்மா. பயம் போகவே இல்லை. ஓய்வு பெற்று இவ்வளவு காலம் கழித்தும், பட்டப்பகலில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நாலு பேர் கூடி நின்றால் நான் பயந்து தள்ளியே நின்றுவிடுகிறேன். அது ஏன் என்று சொல்கிறேன். நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கும்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. ஓசூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் வந்துகொண்டே இருந்தன. நான் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெங்களூரில் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்து, "இனிமே வீட்ல வெச்சுப் பாத்துக்கங்க" என்று அனுப்பப்பட்டவர்களை வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என் பொறுப்பு. நீங்கள் இன்றைக்குச் சொல்லும் நோய் தணிப்புச் சிகிச்சை என்ற பெயரெல்லாம் அன்றைக்கு எங்கள் காதில் விழுந்ததில்லை. வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மருந்து கிடைப்பது குதிரைக்கொம்பு. தோளில் ஒரு பை, அதில் கொஞ்சம் மாத்திரை, கட்டுத்துணி, கையில் டவுன் பஸ் டிக்கெட். அவ்வளவுதான் எங்கள் படைபலம்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் எங்கள் மூத்த சிஸ்டர். உட்கார வைத்துப் பாடம் சொல்லும் பழக்கம் அவருக்கில்லை. வார்டு வராந்தாவில் விறுவிறுவென்று நடந்துகொண்டே பேசுவார். நாம்தான் பின்னால் ஓட வேண்டும். ஒரு நாள் அப்படி ஓடியபோது சொன்னார்: "கழுத்துல கட்டி இருக்கறவங்களுக்கு, அந்தக் கட்டி பெரிய ரத்தக்குழாயை அரிச்சிட்டே போச்சுன்னா ஒரு நாள் உடைஞ்சிடும். உடைஞ்சா யாராலயும் நிறுத்த முடியாது. சில நிமிஷம்தான். மூணு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோ. அடர்த்தியான கலர்ல துண்டு கைக்கெட்டற தூரத்துல இருக்கணும். வெள்ளைத் துணியில ரத்தத்தைப் பாத்தா நோயாளியும் மிரண்டுடுவாரு, கூட இருக்கறவங்களும் மிரண்டுடுவாங்க. ரெண்டாவது, ஓடக்கூடாது, பக்கத்துல உட்காரணும். மூணாவது, அந்த நேரத்துல யாரு கூட இருப்பாங்களோ அவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வெக்கணும்."

முதல் இரண்டும் என் மனதில் நன்றாகவே பதிந்தன. மூன்றாவது எனக்கு இல்லை, வேறு யாருக்கோ சொன்னது என்பதுபோல் இருந்துவிட்டேன். துண்டு வாங்குவது சுலபம். 'உங்க வீட்டுக்காரருக்கு ஒரு நாள் இப்படி ஆகலாம்' என்று ஒரு மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நாக்கு எழாது.

மத்திகிரியில் மாட்டுப் பண்ணையைத் தாண்டிப் போனால் ஒரு லைன் வீடு. வரிசையாக ஐந்து வீடுகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரு தண்ணீர்க் குழாய். முதல் வீட்டில் ஓனரம்மா, தெலுங்குக்காரர். கடைசி வீட்டில் சலீம், ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. சலீமின் அப்பாதான் ரஹீம் பாய்; அத்தா என்று கூப்பிடுவான். சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. ஊத்தங்கரைப் பக்கத்துச் சந்தைகளில் நாற்பது வருஷம் துணி விற்றவர். வாயில் வந்த புற்று கழுத்துக்கு இறங்கியிருந்தது. பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்தில் இருக்குமே என்று மகன் வீட்டுக்கு வந்தவர், வைத்தியம் முடிந்த பிறகும் ஊர் திரும்ப முடியாமல் அங்கேயே கட்டிலோடு ஒடுங்கிவிட்டார். மருமகள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். பகல் முழுக்க அவருக்குத் துணை அவர் மனைவி ஜமீலா அம்மா ஒருவர்தான்.

ரஹீம் பாய்க்குப் பேச்சு குழறும். குனிந்து காதைக் கொடுத்தால் புரியும். அவர் உடம்பு அவ்வளவு மோசமாய் இருந்தும் நாக்கில் வியாபாரம் மட்டும் ஓயவில்லை. நான் கட்டு மாற்றக் குனியும்போதெல்லாம் என் புடவைத் தலைப்பை இரண்டு விரலால் நெருடிப் பார்த்து, "ரெண்டு தொவைப்பு தாங்காது. எவன்மா ஒன் தலையில கட்டினான்?" என்பார். நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு போன நாளிலும் இதே கதைதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை கட்டைப் பிரித்தபோது உள்ளே புதிதாக ரத்தம், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு. ஜமீலா அம்மா பார்ப்பதற்குள் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய் மூத்த சிஸ்டரிடம் சொன்னேன். நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். அவர் நின்று நான் பார்த்ததே இல்லை.

"அது வந்து கதவைத் தட்டிட்டுப் போயிருக்கு. வீட்ல யாருகிட்ட சொன்ன?"

"மகன்கிட்ட சொல்றேன் சிஸ்டர்."

"மகன் பகல்ல எங்க இருப்பான்?"

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அவர் மேலே கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே ஃபேக்டரி கேட்டுக்கு எதிர்த்த டீக்கடையில் சலீமைப் பிடித்துச் சொன்னேன். அவன் கையிலிருந்த டீயைக் குடிக்காமலே பெஞ்சில் வைத்தான். பிறகு, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர். கேட்டா அவங்க உசுரே போயிடும். அப்பறம் ஓனரம்மா காதுக்குப் போச்சுன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. இந்த நெலமையில அத்தாவத் தூக்கிகினு நான் எங்க போவேன்?" என்றான்.

வாடகை வீட்டில் அப்படி ஒரு சாவு விழுந்தால் அடுத்து யாரும் குடிவர மாட்டார்கள் என்று ஓனர்களுக்கு ஒரு பயம் உண்டு. அவன் சொன்னதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் நான் "சரிப்பா" என்று தலையாட்டியது அந்த நியாயத்துக்காக இல்லை. சொல்லவேண்டிய பாரம் என் தலையிலிருந்து இறங்கிவிட்டதே என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மறுநாள் ஓசூர்க் கடைவீதியில் அரக்கு நிறத்தில் நாலு துண்டு வாங்கினேன். வெள்ளிக்கிழமை கொண்டுபோய் அவர் தலைமாட்டில் ஸ்டூல்மேல் வைத்தேன். "எதுக்கு சிஸ்டர் இதெல்லாம்?" என்றார் ஜமீலா அம்மா.

"சும்மா, தொடைக்கத்தாம்மா. பக்கத்துலயே இருக்கட்டும்" என்று மென்று முழுங்கினேன். ரஹீம் பாய் துண்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அன்றைக்கு என் புடவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கவனித்தும் கவனிக்காததுபோல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

அடுத்த முறை நான் போனபோது ஜமீலா அம்மா குழாயடியில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் துணியைக் கசக்கிக்கொண்டிருந்தார். கல்லைச் சுற்றித் தண்ணீர் சிவந்து ஓடியது.

"காலையில ரத்தம் வந்துடுச்சு சிஸ்டர். பழைய வேட்டியக் கிழிச்சி வெச்சிருந்தேன், அதால அமுக்கினேன். வேட்டி பூரா ஆயிடுச்சு. எனக்கு ஒண்ணும் ஓடல. கத்திகினே ரோட்டுக்கு ஓடிட்டேன், ஆட்டோ எதாச்சும் வருதான்னு. ஒண்ணும் வரல. திரும்பி வந்து பாத்தா தன்னால நின்னுடுச்சு."

"நான் குடுத்த துண்டும்மா?"

"புதுத் துண்டாச்சே, பாழாயிடப் போவுதுன்னு பொட்டியில எடுத்து வெச்சிட்டேன்."

சிக்கனமான எந்த வீட்டுப் பெண்ணும் அதைத்தான் செய்வாள். அந்தத் துண்டு எதற்கு என்று நான் சொல்லியிருந்தால்தானே?

உள்ளே போனேன். ரஹீம் பாயின் முகம் வெளுத்துப்போயிருந்தது. மனைவியிடம் பெட்டியைக் காட்டி அந்தத் துண்டை எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்ததும், குழாயடியில் விட்டுவந்த துணியை அலசிப் போடச் சொல்லி அவரை அனுப்பினார். பிறகு துண்டின் ஓரத்தை இரண்டு விரலால் நெருடினார்.

"அரக்கு. ஏம்மா, சந்தையில இந்தக் கலர நான் யாருக்கு விப்பேன் தெரியுமா? கறி வெட்டறவங்களுக்கு. பிரசவம் பாக்கற பொம்பளைங்களுக்கு. கறை தெரியாது. நீ எனக்கு என்னாத்துக்குக் குடுத்த?"

நான் கையிலெடுத்த கட்டுத்துணியைக் கீழே வைத்தேன்.

"நெறய வருமா?"

"வரலாம் பாய்."

"நிக்காதா?"

"நிக்காது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இந்த ஒரு வார்த்தையிலேயே அவரைக் கொன்றுவிட்டோமோ என்று நான் பயந்துபோனேன். கழுத்துக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன், இப்போதே உடைந்துவிடும் என்பது மாதிரி. அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"ரத்தம் வந்ததுக்கு நான் பயப்படலம்மா. அவ கத்திகினு ஓடினா பாரு. கதவு தொறந்து கெடந்துச்சு. நான் ஒத்தையில படுத்துகினு இருந்தேன். இப்பிடியே முடிஞ்சிடுமோன்னு அப்பத்தான் பயந்துட்டேன். அவ மேல தப்பு இல்ல. அவளுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும்."

மூச்சு வாங்கினார். "நாப்பது வருஷம் துணி வித்தேன். சாயம் போற துணியா இருந்தா, சாயம் போவும்னு சொல்லிட்டுத்தான் குடுப்பேன். வேணுங்கறவங்க வாங்குவாங்க, வேணாங்கறவங்க போவாங்க. நீ சொல்லாம குடுத்துட்டுப் போயிட்ட."

பெரிய டாக்டர்கள் எல்லார் முன்னாலும் என்னைத் திட்டியிருக்கிறார்கள், பிள்ளைகளே. எதுவும் இப்படி உறைத்ததில்லை.

"கூப்புடு அவள" என்றார்.

ஜமீலா அம்மா ஈரக் கையோடு வந்தார். தரையில் அவர் எதிரே உட்கார்ந்தேன். துண்டு என் மடியில்.

"அம்மா, இன்னிக்கு வந்தது சின்னது. பெரிசா ஒண்ணு வரலாம். இன்னிக்கே வரலாம், ஒரு மாசம் கழிச்சும் வரலாம், வராமலேகூடப் போகலாம். ஆனா வந்தா நிறுத்த முடியாதும்மா. ஆட்டோவுக்கு ஓடிப் பிரயோசனம் இல்ல. கொஞ்ச நேரத்துல அவருக்கு மயக்கம் வந்துடும், அதுக்கப்பறம் ஒண்ணும் தெரியாது. அதுக்கு முன்னாடி இருக்கற அந்தக் கொஞ்ச நேரம், நீங்க பக்கத்துல இருக்கணும். இந்தத் துண்டு அதுக்குத்தான்."

அவர் அழுவார், மயங்கி விழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"இது ஒங்களுக்கு எப்பலருந்து தெரியும்?"

"ஒரு வாரமாத் தெரியும்மா."

"ஒரு வாரமா நான் என்னான்னே தெரியாம பயந்துகினு கெடக்கறேன். அவங்க இருமினா பயம், தூங்கினா பயம், வேர்த்தா பயம். தொழுதுகினு இருக்கறப்பகூட காது இங்கதான் இருக்கும். சலீமுக்கும் தெரியுமா?"

"தெரியும்மா."

"எல்லாருக்கும் தெரியும். வெள்ளத் துணியக் கையில வெச்சிகினு ஒக்காந்திருந்த எனக்குத்தான் தெரியாது." அதற்குப் பிறகுதான் அழுதார். ரஹீம் பாய் கட்டிலிலிருந்து கையை நீட்டினார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் துடைத்துவிட்டு, "சொல்லுங்க, எப்பிடிப் புடிக்கணும்?" என்றார்.

சொல்லிக்கொடுத்தேன். தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது, துண்டை எப்படி மடித்து வைப்பது, அம்மா எங்கே உட்கார்ந்தால் அவருக்கு முகம் தெரியும் என்று எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். ஒத்திகைக்கு ஆள் அவரேதான். "மெல்ல அமுக்கு, இப்பவே அனுப்பிடாத" என்று அந்த நிலைமையிலும் கேலி செய்தார். அம்மா அழுதுகொண்டே சிரித்தார். "அந்த நேரத்துல கலிமா சொல்லலாமா சிஸ்டர்?" என்று கேட்டார்; உயிர் பிரியும்போது அவர்கள் ஓதும் வாசகம் அது. "சொல்லுங்கம்மா, உங்க குரல் அவருக்குக் கேட்டுட்டே இருக்கட்டும்" என்றேன்.

சலீம் அன்று என்மேல் பாய்ந்தான். "அவ்ளோ சொல்லியும் சொல்லிட்டீங்களே!" என்றான். வாங்கிக்கட்டிக்கொண்டேன். ஓனரம்மாவிடம் யார் போய்ச் சொல்வது என்று நானும் அவனும் விழித்துக்கொண்டிருந்தபோது, ஜமீலா அம்மா தானே போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஓனரம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். போகச் சொல்லிவிடுவாரோ என்று மூன்று பேரும் சாப்பாடு இறங்காமல் இருந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் காலையில் ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து கடைசி வீட்டு வாசலில் வைத்து, "மூடி வெச்சிக்க. அப்ப கொழாயில தண்ணி வருதோ என்னமோ" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அதற்குப் பிறகு ஐந்தாறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பயம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். டவுன் பஸ் மாட்டுப் பண்ணையைத் தாண்டும்போதே என் கண் கடைசி வீட்டு வாசலுக்குத்தான் போகும். கூட்டம் இல்லையென்றால் மூச்சு வரும். துண்டுகள் நாலும் தலைமாட்டிலேயே மடித்தபடி இருந்தன. ஜமீலா அம்மா குழாயடிக்குப் போவதென்றால்கூட ஓனரம்மாவை உள்ளே உட்கார வைத்துவிட்டுத்தான் போனார். ரஹீம் பாய் மறுபடி என் புடவைகளைக் குறை சொல்லத் தொடங்கினார். ஒரு நாள் மட்டும், "ராத்திரி நல்லாத் தூக்கம் வருதும்மா" என்றார். அவருக்கு நான் எந்த மாத்திரையையும் கூட்டிக் கொடுத்திருக்கவில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால். பஸ்ஸை விட்டு இறங்கினேன். லைன் வீட்டு வாசலில் கூட்டம்.

நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நின்றுவிட்டேன். ஓடக்கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஜமீலா அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். எதிர்த்த கடை நிழலில் ஒதுங்கி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உள்ளே போகப் பயந்து நின்றேன். அந்த அம்மா மறுபடி ரோட்டுக்கு ஓடியிருப்பார், ரஹீம் பாய் தனியாகக் கிடந்து போயிருப்பார், எல்லாம் என்னால்தான் என்று மனசு அடித்துக்கொண்டது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

கடைசி வீட்டு வாசலில் ஓனரம்மா இரண்டு கையையும் நிலைப்படியில் ஊன்றிக்கொண்டு வழியை அடைத்து நின்றார். "ஏம் சூஸ்துன்னாரு? என்னத்தப் பாக்கறீங்க? இங்க என்ன சினிமாவா நடக்குது? போங்க, அவங்கவங்க வேலையப் பாருங்க!" என்று கூட்டத்தை விரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டார். "சிஸ்டர், அங்க ஏன் நிக்கறீங்க? உள்ள போங்கம்மா" என்று கையை எடுத்து வழிவிட்டார்.

உள்ளே ஜமீலா அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ரஹீம் பாயின் தலை அவர் மடியில், நான் சொன்ன பக்கம் சாய்ந்திருந்தது. கழுத்தில் மூன்று துண்டுகள், ஒன்றின்மேல் ஒன்று. நனைந்து கனத்திருந்தன. ஆனால் பார்ப்பதற்கு வெறும் துணியாகத்தான் இருந்தன. அந்த அம்மாவின் விரல்களைப் பார்த்தால்தான் என்ன நடந்தது என்று தெரியும். அவர் உதடு இன்னும் கலிமா சொல்லிக்கொண்டிருந்தது. நான் நாடியைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் முடிந்திருந்தது.

"ஆச்சு சிஸ்டர்" என்றார். "எம் மொகத்தையே பாத்துகினு இருந்தாங்க. எனக்குச் சத்தம்கூட வரல, அவ்ளோ பயம். ஆனா நான் எங்கயும் ஓடல."

நான் அந்தக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். நோயாளி வீட்டில் அழக்கூடாது என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொல்லியிருந்தார்கள். ஃபேக்டரியிலிருந்து சலீம் வந்ததும், அன்று சாயங்காலமே அவரை வேனில் சிங்காரப்பேட்டைக்குக் கொண்டுபோனார்கள்.

மூத்த சிஸ்டரிடம் நடந்தது எல்லாம் சொன்னேன், கடை நிழலில் நின்றது உட்பட. "அப்பறம் உள்ள போனயா?" என்று கேட்டார். போனேன் என்றேன். "சரி" என்று நடக்கத் தொடங்கிவிட்டார்.

கணவர் போன பிறகு நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் இருக்கும் இத்தா காலம் முடிந்து, ஜமீலா அம்மா ஒரு நாள் சலீமோடு பஸ் ஏறி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இளைத்திருந்தார். பேரப்பிள்ளையைப் பற்றி, ஊரில் மழை இல்லாதது பற்றிப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, பையிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அரக்குத் துண்டு, நாலாவது. மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது.

"இது ஒண்ணு மிச்சம் சிஸ்டர். வேற யாருக்காச்சும் ஆவும்" என்று நீட்டினார்.

நான் வாங்கிக்கொள்ளக் கையை வைத்தேன். அவர் தன் பக்கத்து நுனியை விடவில்லை.

"சொல்லிட்டுக் குடுங்க" என்றார்.